டிடி ஃப்ரீ டிஷ் பெட்டியும் பென்டிரைவ் ரெக்கார்டிங்கும்: சில வருட அனுபவம்

சந்தா கட்டாத டிஷ் வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். சாயங்காலம் ஆனால் தமிழ் சீரியல் ஓடியே ஆக வேண்டிய வீடு என்றால் இது சரிப்படாது. தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ்ஷில் வரும் தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் எடுத்து வருபவை. அவற்றில் பெரும்பாலானவை இந்தி.

எங்கள் வீட்டுத் தேவை வேறு. அப்பாவுக்குச் செய்தியும் டிடி தமிழும் போதும். 2024 ஜனவரியில் பேர் மாறியும் அவருக்கு அது இன்னும் பொதிகைதான். எனக்கு கிரிக்கெட். இந்தியா ஆடும் ஒருநாள், டி20 ஆட்டங்களைத் தூர்தர்ஷனோடு பகிர வேண்டும் என்று 2007-ல் சட்டமே வந்துவிட்டதால், டிடி ஸ்போர்ட்ஸ் இருந்தால் போதும். அக்கா மகள் இன்ஜினியரிங் படிக்கிறாள். ஐஐடி பேராசிரியர்களின் பாடங்கள் ஓடும் ஸ்வயம் பிரபா சேனல்களும் ஃப்ரீ டிஷ் வரும் அதே ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்துதான் வருகின்றன. டிஷ், பெட்டி, பொருத்தும் கூலி எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 2,000 ரூபாய். அதற்கப்புறம் மாதச் செலவு எதுவும் இல்லை.

பெட்டி வாங்கும்போது பார்க்க வேண்டியது, எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் புது முறை) பெட்டியா என்பதுதான். பழைய எம்பெக்-2 பெட்டி இன்னும் மலிவாகக் கிடைக்கும், வாங்காதீர்கள். அதில் ஒரு பகுதிச் சேனல்கள் வரவே வராது, எச்டியும் கிடையாது. எம்பெக்-4 பெட்டியில் இரண்டு வகையும் வரும். மதுரை டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் அட்டைப்பெட்டி மேல் என்னென்னவோ அச்சடித்திருப்பார்கள். யூடியூப் ஓடும், வைஃபை உண்டு என்பதையெல்லாம் நம்பிக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை. யுஎஸ்பி ரெக்கார்டிங் இருக்கிறதா, டைமர் வைக்க முடிகிறதா, அதே ரிமோட் தனியாகக் கிடைக்குமா என்று மட்டும் கேளுங்கள். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் ரிமோட்தான் முதலில் போகும்.

டிஷ் பொருத்துவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் படம் நன்றாக வருவதும் வராததும் அதில்தான் இருக்கிறது. ஜிசாட்-15 இருப்பது 93.5 டிகிரி கிழக்கில். மதுரையிலிருந்து பார்த்தால் அக்னி மூலைப் பக்கம், 68 டிகிரிக்கு மேல் உயரத்தில். அதாவது கிட்டத்தட்ட தலைக்கு மேல். கொடைக்கானல் டவரைப் பார்த்து உயரமாக ஆன்டெனா கட்டிய காலத்து ஆள் என்பதால் அப்பா, "இதுக்கும் குழாய் வச்சு உசத்தணுமா தம்பி?" என்று பொருத்த வந்தவரிடம் கேட்டார். "வேணாங்கய்யா, மேல தென்னமட்டை மறைக்காம இருந்தாப் போதும்" என்றார் அவர். அதுதான் உண்மை. பக்கத்து வீடு மாடி எழுப்பினாலும் பெரும்பாலும் பாதிப்பு வராது, ஆனால் அந்த மூலையில் ஒட்டினாற்போல் தென்னை இருந்தால் சிக்கல். 60 செ.மீ. டிஷ் தாராளம்.

எங்கள் ஊர் அழகர்மலை அடிவாரம். இங்கே டிஷ்ஷுக்கு எதிரி குரங்குதான். ஏறி உட்கார்ந்து ஒரு ஆட்டு ஆட்டினால் போதும், இரண்டு மூன்று டிகிரி விலகிவிடும், சிக்னல் மொத்தமாகப் போய்விடும். கைப்பிடிச் சுவரில் வெறும் போல்ட் போடாமல், தாங்கு குழாயைக் கான்கிரீட்டில் பதித்த பிறகுதான் நிம்மதி. டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் எல்என்பி-யில் கேபிள் மாட்டும் இடத்தையும் மறக்காதீர்கள். மழைத்தண்ணீர் இறங்கி உள்ளே இருக்கும் செம்புக் கம்பி பச்சை பிடித்தால் படம் கட்டம் கட்டமாக உடையும். ரப்பர் மூடியோடு நல்ல டேப்பும் சுற்றிவிட வேண்டும்.

ஐப்பசி அடைமழையில் இடியோடு கொட்டும்போது சிக்னல் கொஞ்ச நேரம் போகும், காசு கட்டும் டிஷ்ஷுக்கும் அதே கதிதான். இன்னொன்று பலருக்குத் தெரியாது. மார்ச் நடுவாக்கிலும் செப்டம்பர் கடைசியிலும் சில நாட்கள், காலை பதினொரு மணியையொட்டிச் சில நிமிடம் படம் போய்விட்டுத் தானாக வரும். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வந்து நிற்பதுதான் காரணம். அந்த நேரம் மாடியேறி டிஷ்ஷைத் திருப்பாதீர்கள். அப்புறம், ஏப்ரல் பிறந்ததும் ஒருமுறை ஸ்கேன் போட்டுவிடுங்கள். ஏல இடங்கள் அப்போதுதான் மாறும்.

ரெக்கார்டிங்தான் எனக்கு இந்தப் பெட்டியில் மிகவும் பிடித்தது. சாதாரணச் சேனல் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1 ஜிபி பிடிக்கும், எச்டி அதைவிட அதிகம். மலிவு பென்டிரைவ் எழுதும் வேகம் போதாமல் இடையிடையே வெட்டும். நல்லதாக ஒன்று வாங்கி இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்தால் 4 ஜிபிக்கு ஒரு கோப்பாகத் துண்டு துண்டாகச் சேமிக்கும். குடியரசு தின அணிவகுப்பு அப்படித்தான் பதிவானது, சேர்த்துப் பார்ப்பதில் சிரமம் இல்லை.

இதில் ட்யூனர் ஒன்றே ஒன்று. ஒரு சேனல் பதிவாகும்போது செயற்கைக்கோளிலிருந்து அதே அதிர்வெண்ணில் வரும் மற்றச் சேனல்களை மட்டுந்தான் பார்க்கலாம். அப்பா செய்தி பார்க்கும் நேரத்தில் டைமர் வைத்தால் வீட்டில் சண்டைதான். டைமர் வேலை செய்ய, பெட்டி ஸ்டாண்ட்பையில் இருக்க வேண்டும். சுவர் சுவிட்சை அணைக்கும் பழக்கம் உள்ளவர்கள் கவனிக்கவும். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வந்தாலும் பதிவு அங்கேயே நின்றுவிடும். ஸ்வயம் பிரபாவில் ஒரு பாடத்தை ஒரே நாளில் பலமுறை திரும்பப் போடுவதால் அது மட்டும் தப்பித்தது. காலையில் விட்டதை ராத்திரி பிடித்துவிடலாம்.

எங்கள் பெட்டிக்கு வந்த ஒரே கோளாறு அடாப்டர். முதலில் பெட்டி தானாக அணைந்து அணைந்து எரிந்தது. பெட்டியே போய்விட்டது என்று கடைக்காரர் புதிதை நீட்டினார். அதே வோல்ட், அதே ஆம்பியரில் வேறு அடாப்டர் மாட்டிப் பார்த்ததும் சரியாகிவிட்டது.

புது டிவி வாங்கப் போகிறவர்கள், அதிலேயே டிவிபி-எஸ்2 ட்யூனர் (டிஷ் சிக்னலைப் பெட்டி இல்லாமலே வாங்குவது) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டிஷ் கேபிளை நேராக டிவியில் செருகலாம். நாங்களும் அப்படி ஒன்று வாங்கினோம், ஆனாலும் பெட்டியைக் கழற்றவில்லை. டிவியில் நேரடியாகப் பதிவு செய்தால் பெரும்பாலும் அந்த டிவியில் மட்டுமே ஓடும்படி பூட்டிவிடுகிறது. பெட்டியில் பதிந்த பாடங்களை அக்கா மகள் லேப்டாப்பில் விஎல்சி பிளேயரில் போட்டு, வேண்டிய இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொள்கிறாள்.