பனிச்சறுக்குக்கு எந்தக் காற்சட்டை?

டிசம்பர் லீவுக்கு வெள்ளவத்தையில் இருந்து ரொறன்ரோ போன என் தங்கச்சிக்கு இரண்டு வழி இருந்தது. ஒன்று, உள்ளே பொலியெஸ்டர் இழை அடைத்த காற்சட்டை. மற்றது, மெல்லிய நீர்புகா மேலுறைக் காற்சட்டையும் அதற்குள்ளே தேர்மல் எனப்படும் உடலோடு ஒட்டிய சூடான உள்ளுடுப்பும்.

அடைத்ததைத்தான் வாங்கச் சொன்னேன். புதிதாகப் பழகுபவர் சறுக்குவதைவிடப் பனியில் குந்தியிருப்பதே அதிகம். சறுக்குபவர்களை மலைமேலே ஏற்றும், கம்பியில் தொங்கும் லிப்ட் இருக்கையில் கிடக்கும் பனியும் உடல் சூட்டில் உருகிப் பின்பக்கத்தை நனைக்கும். பொலியெஸ்டர் இழை நனைந்தாலும் ஓரளவு சூட்டை வைத்திருக்கும். மைனஸ் 10 பாகையில் லிப்டில் அசையாமல் இருக்கும்போது அந்த அருமை விளங்கும். ஒரே உடுப்போடு செலவும் முடிந்துவிடும்.

மேலுறை மார்ச், ஏப்ரலில் போகிறவர்களுக்கு நல்லது. வெயில் ஏறினால் உள்ளே இருப்பதைக் குறைக்கலாம். கொழும்புக்குத் திரும்பியபின் மழை நாளில் மோட்டார் சைக்கிளுக்கும் உதவும். ஆனால் தேர்மலுக்கு வேறாகக் காசு வேண்டும். அதை மிச்சம்பிடிக்க உள்ளே பருத்தி போடவே வேண்டாம். வியர்வையை உறிஞ்சிக் காலோடு குளிராக ஒட்டிக்கொள்ளும்.

எதை எடுத்தாலும் கடையிலேயே உட்புறத்தைப் புரட்டிப் பாருங்கள். தையல்மேல் வழுவழுப்பான டேப் ஒட்டியிருக்க வேண்டும். கணுக்காலில் சப்பாத்தின்மேல் இழுத்துவிடும் இலாஸ்டிக் உறை இருக்க வேண்டும். நீர்காப்பு, அதாவது நீர் கசியாமல் துணி தாங்கும் நீர்த்தூணின் உயரம், 10,000 மில்லிமீற்றர் என்றிருந்தால் விலை குறைந்ததே போதும்.