அக்குவாவா, ஃபிட்டா? பாவித்த ஹைபிரிட் வாங்கப் போகிறவர்களுக்கு

இலங்கையில் கையில் இருக்கிற காசுக்குள் பாவித்த ஹைபிரிட் ஒன்று எடுக்கலாம் என்று இறங்குகிறவர்களில் நிறையப் பேர் கடைசியில் இரண்டு காருக்கு நடுவில்தான் வந்து நிற்கிறார்கள். ஒன்று டொயோட்டா அக்குவா, மற்றது ஹொண்டா ஃபிட். நான் அக்குவா எடுத்தேன், சில வருடங்களாகக் கொழும்புக்குள்ளும் யாழ்ப்பாணப் பாதையிலும் அதைத்தான் ஓட்டுகிறேன். ஃபிட் என் மச்சானிடம் இருக்கிறது, 2013க்குப் பிறகு வந்த ஜிபி5 மொடல். அவருடையதை நான் அவ்வப்போது வாங்கி ஓட்டியதுதான், சொந்தமாக வைத்துச் செலவழித்ததில்லை, ஆகவே ஃபிட் பற்றிச் சொல்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள். என் சாய்வு டொயோட்டா பக்கம். காரணம் கியர்பொக்ஸ், அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. இரண்டும் 1.5 லீட்டர் எஞ்சின், இரண்டும் ஜப்பான் ஏலத்தில் இருந்து வந்தவை, இரண்டுக்கும் பஞ்சிகாவத்தையில் பாட்ஸ் கிடைக்கும். பெற்றோல் செலவில் பெரிய வித்தியாசம் இல்லை. 2013 செப்டெம்பரில் ஃபிட் லீட்டருக்கு 36.4 கிலோமீற்றர் என்று ஜப்பான் சோதனைக் கணக்கைக் காட்டி அக்குவாவை முந்தியது, அதே வருட முடிவுக்குள் டொயோட்டா அக்குவாவைத் திருத்தி 37 என்று மாற்றியது. அந்தக் கணக்கெல்லாம் சோதனைக் கூடத்துக்கு. இங்கே ஏசி போட்டுக்கொண்டு நிதானமாக ஓட்டினால் இரண்டுமே 20ஐத் தாண்டும், அவசரமாக மிதித்தால் இரண்டுமே இறங்கும். இதை வைத்து ஒன்றைத் தெரிவு செய்ய முடியாது.

இரண்டு கம்பனிகளும் எங்கே இருந்து வந்தன என்று கொஞ்சம் தெரிந்தால் கார்கள் ஏன் இப்படி இருக்கின்றன என்பதும் விளங்கும். டொயோட்டாவின் வேர் நெசவுத் தறி. சகிச்சி டொயோடா செய்த தானியங்கித் தறியில் நூல் ஒன்று அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும், பிழையான துணி ஒரு முழம் கூட மேலே போகாது. அவருடைய மகன் கீச்சிரோ 1937இல் கார் கம்பனியைத் தொடங்கியபோது அந்த எண்ணமும் கூடவே போனது. இன்றைக்கும் அவர்களின் தொழிற்சாலையில் பிழை கண்ட தொழிலாளி கயிற்றை இழுத்து வேலையை நிறுத்தலாம். 1950இல் கம்பனி கடனில் மூழ்கி, வேலைநிறுத்தம் நடந்து, கீச்சிரோ பதவி விலக வேண்டி வந்தது. கொரியப் போருக்கு அமெரிக்க இராணுவம் கொடுத்த லொறி ஓடர்தான் அவர்களைத் தூக்கி நிறுத்தியது. அதன் பிறகு வந்த கொரோல்லா, லாண்ட் குரூசர், ஹையேஸ் எல்லாம் எங்கள் ஊர்களில் வீட்டுப் பெயர் போல ஆகிவிட்டன. டொல்பின் என்று நாங்கள் கூப்பிடும் அந்த ஹையேஸ் வானில் கோயிலுக்கும் கலியாணத்துக்கும் போகாத குடும்பம் எது?

ஹொண்டா வேறு இரத்தம். சொய்ச்சிரோ ஹொண்டா ஹமமற்சுப் பக்கத்துக் கொல்லர் வீட்டுப் பிள்ளை. சகிச்சி டொயோடா பிறந்த ஊரும் அதற்கு அருகில்தான், சுசுகியும் அதே ஹமமற்சுவில் தறி செய்து தொடங்கிய கம்பனிதான், ஒரே வட்டாரத்தில் இருந்து மூன்று பெயர்கள். சொய்ச்சிரோ போர்க்காலத்தில் டொயோட்டாவுக்குப் பிஸ்டன் ரிங் செய்து கொடுத்தவர். போர் முடிந்த பிறகு அந்தத் தொழிலை டொயோட்டா பக்கத்துக்கே விற்றுவிட்டு, 1948இல் மோட்டார் சைக்கிள் கம்பனி தொடங்கினார். அறுபதுகளின் தொடக்கத்தில் கார் கம்பனிகள் இருக்கிறது போதும், புதிதாக வேண்டாம் என்று ஜப்பான் அரசு சட்டம் கொண்டுவரப் பார்த்தபோது, அது வருவதற்குள் 1963இல் கார் உலகத்துக்குள் நுழைந்தார். எழுபதுகளில் அமெரிக்காவின் கடுமையான புகை விதியை, புகையைச் சுத்தமாக்கும் கற்றலிற்றிக் கொன்வேட்டர் இல்லாமலே தாண்டிய முதல் எஞ்சின் ஹொண்டாவின் சிவிசிசி. டொயோட்டாவே அதற்கு ஹொண்டாவிடம் உரிமம் வாங்கியது. எஞ்சின் என்று வந்தால் ஹொண்டாவை மதிக்காதவன் வாகனம் தெரிந்தவனே இல்லை.

ஆனால் ஹைபிரிட் என்று வந்தபோது நிலைமை தலைகீழ். 1997 டிசம்பரில் டொயோட்டா பிரியஸை விற்பனைக்கு விட்டது. அதற்குள் இருந்த ஏற்பாடு, அளவும் நுணுக்கமும் மாறினாலும் அடிப்படையில் இன்றைக்கும் அதேதான், அக்குவாவிலும் அதேதான். ஹொண்டாவோ 1999இல் ஒரு விதமாகத் தொடங்கி, 2013இல் அதை விட்டு இன்னொன்றுக்குப் போய், 2020 ஃபிட்டில் அதையும் விட்டு மூன்றாவதுக்குப் போனது. பாவித்த கார் வாங்குகிற எங்களுக்கு இங்கேதான் விசயம் இருக்கிறது, ஏனென்றால் எங்கள் விலைக்குள் வருகிற ஃபிட் நடுவில் வந்த அந்த இரண்டாவது வகை.

டொயோட்டாவின் ஏற்பாட்டைச் சொல்கிறேன். நடுவில் ஒரு பற்சில்லு, அதைச் சுற்றி ஓடும் சிறு பற்சில்லுகள், வெளியே ஒரு பல் வளையம். நடுச் சில்லில் ஒரு மின் மோட்டார், சிறு சில்லுகளைத் தாங்கும் சட்டத்தில் எஞ்சின், வெளி வளையத்தில் சக்கரமும் பெரிய மோட்டாரும். இவை மூன்றும் எப்போதும் பல்லோடு பல் பொருந்தியே சுற்றும், ஒன்றை விட்டு ஒன்று கழன்று மறுபடி பிடிப்பது என்கிற வேலையே கிடையாது. சின்ன மோட்டார் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்பதை மாற்றினால் போதும், எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் இடையிலான விகிதம் மாறிவிடும். கிளச் பிளேட் இல்லை. பெல்ட் இல்லை. ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, அந்த வேலையையும் சின்ன மோட்டாரே செய்கிறது. ரிவர்ஸ் கியர் கூட இல்லை, பெரிய மோட்டார் பின்பக்கமாகச் சுற்றும், அவ்வளவுதான். தேய்வதற்கு என்று வைத்த சாமான் இதற்குள் கிட்டத்தட்ட எதுவுமே இல்லை.

ஜிபி5 ஃபிட்டில் இருப்பது ஏழு கியர் கொண்ட இரட்டைக் கிளச் பெட்டி, மோட்டார் அதற்குள்ளேயே செருகியிருக்கும். ஓடும்போது இனிமை, கியர் விழுவது தெரியும், மிதித்தால் பாயும். ஆனால் கிளச் என்றால் உராய்ந்துதான் பிடிக்க வேண்டும். வெள்ளவத்தையில் மாலை ஐந்தரை மணிக்குக் காலி வீதியை நினைத்துப் பாருங்கள், ஒரு பஸ் நீளம் நகர்ந்து நிற்பது, மறுபடி அரை பஸ் நீளம். பற்றரியில் சார்ஜ் இருக்கும்வரை மோட்டார் நகர்த்தும், அது இறங்கியதும் கிளச் பிடித்து விட்டு, பிடித்து விட்டு ஓட வேண்டும், சூடு ஏறும். பெட்டி சூடாகிவிட்டது என்று டாஷ்போட்டில் எச்சரிக்கை வருவதை இந்த மொடல் வைத்திருக்கிற பலர் பார்த்திருப்பார்கள். ஜப்பானிலேயே வெளிவந்து ஒரு வருடமும் கொஞ்சமும் ஆவதற்குள் இந்த ஹைபிரிட் ஃபிட்டுக்கு ஐந்து முறை ரீகோல், அதாவது விற்ற கார்களைத் திருத்தத் திருப்பி அழைப்பது, அறிவிக்க வேண்டி வந்தது, அவற்றில் பல இந்தப் பெட்டியின் கட்டுப்பாட்டு மென்பொருள் சம்பந்தப்பட்டவை. 2014 ஒக்டோபரில் ஹொண்டாவின் தலைவரும் மேலதிகாரிகளும் பொறுப்பேற்றுத் தங்கள் சம்பளத்தையே குறைத்துக்கொண்டார்கள். அது நாணயமான செயல், மதிக்கிறேன். ஆனால் ரீகோல் மென்பொருளைத் திருத்தும், கிளச் தேய்வதை நிறுத்தாது. 2020இல் வந்த புது ஃபிட்டில் ஹொண்டாவே அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு இரண்டு மோட்டார் ஏற்பாட்டுக்கு மாறியது. இதைவிடப் பெரிய சாட்சி எனக்குத் தேவைப்படவில்லை.

மச்சானுடைய ஃபிட் இதுவரை அவரைக் கைவிடவில்லை, அதையும் சொல்ல வேண்டும். எண்ணெய் நேரத்துக்கு மாற்றுகிறார், ட்ரபிக்கில் கொஞ்சம் இடைவெளி விட்டு நகர்கிறார். அப்படி ஓட்டுகிறவருக்கு அது நீண்ட நாள் போகும் என்றே நினைக்கிறேன். ஆனால் அவருக்கு முன் ஜப்பானில் ஓட்டியவரும் அப்படித்தான் ஓட்டினாரா என்று ஏலப் பத்திரத்தில் எழுதியிருக்காது. பழுது வந்தால் அந்தப் பெட்டியைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த ஆளைத் தேட வேண்டும், கொழும்பில் இருக்கிறார்கள், வவுனியாவுக்கு வடக்கே நான் விசாரித்த அளவில் மிகச் சிலர்தான். அக்குவா என்றால் ஊரில் ஹைபிரிட் பார்க்கிற எந்தக் கராஜுக்கும் தெரியும்.

சரி, பற்றரி. எல்லாரும் பயப்படுவது இதற்குத்தான், எனக்கு இது இரண்டாவது கேள்வி. அக்குவாவில் நிக்கல் பற்றரி, 20 கட்டைகள் சேர்ந்து 144 வோல்ற். ஒரு கட்டை பலவீனமானால் மீற்றரில் எச்சரிக்கை எரியும். அந்த ஒன்றை மட்டும் மாற்றிக் குறைந்த காசில் முடித்துத் தருகிறேன் என்று சொல்கிறவர்கள் உண்டு, வேண்டாம், பழைய கட்டைகளோடு புதுக் கட்டை ஒத்துப்போகாது, கொஞ்ச நாளில் பக்கத்துக் கட்டை விழும். மாற்றினால் முழுதாக மாற்றுங்கள். ஆனால் அதற்கு முன் அதை வாழ வைக்க ஒரு சின்ன வேலை இருக்கிறது. பற்றரி பின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது, சீட்டின் பக்கவாட்டில் கறுப்புப் பிளாஸ்டிக் கிராதி ஒன்றைக் காண்பீர்கள். பற்றரியைக் குளிர்விக்கிற காத்து அந்த வழியாகத்தான் போகிறது. நான் முதல்முறை அதைக் கழற்றியபோது வலையில் சாம்பல் நிறத் தூசி கம்பளி மாதிரிப் படிந்திருந்தது, அதற்குள் தலைமயிர், பிஸ்கற் துகள், பிள்ளைகளின் உடுப்பில் இருந்து விழுந்த நூல். அங்கே பையை வைத்து அடைத்துவிட்டுப் பற்றரி போய்விட்டது என்று டொயோட்டாவைத் திட்டுகிறவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும். சேர்விஸ் விடும்போதெல்லாம் அதையும் துடைக்கச் சொல்லுங்கள்.

இங்கே ஹொண்டாவுக்கு ஒரு புள்ளி கொடுக்க வேண்டும். ஜிபி5க்கு முந்திய ஜிபி1 ஃபிட்டில் இருப்பது ஹொண்டாவின் அந்த முதல் வகை, ஏற்பாடு மிக எளிமை, எஞ்சினுக்கும் பெல்ட் கியர்பொக்ஸுக்கும் நடுவில் தட்டையான ஒரு மோட்டார், அவ்வளவுதான். பற்றரி மிகவும் பலவீனமானாலும் பெரும்பாலும் எஞ்சினில் ஓட்டி வீடு சேர்ந்துவிடலாம். அக்குவாவில் பெரிய பற்றரி முற்றாகச் செத்தால் எஞ்சினே ஸ்டார்ட் ஆகாது, லொறியில் ஏற்றத்தான் வேண்டும். விலை குறைந்த ஹைபிரிட் தேடுகிறவருக்கு ஜிபி5ஐ விட ஜிபி1 நிம்மதி என்பது என் அபிப்பிராயம், ஆனால் அதில் என் அனுபவம் நண்பர்களோடு போய் வந்த அளவுதான்.

ஃபிட்டின் இடவசதிக்கு அக்குவா கிட்டவும் வராது. பெற்றோல் தாங்கியை முன் சீட்டுக்குக் கீழே வைத்துவிட்டதால் பின் சீட்டின் இருக்கையை அப்படியே மேலே தூக்கி நிறுத்தலாம், தென்னங்கன்றையோ பிள்ளையின் சைக்கிளையோ நிமிர்த்தி ஏற்றலாம். சக்தியும் அதிகம், ஃபிட் 137 குதிரை, அக்குவா 100. அக்குவாவில் பின்னால் உயரமான ஆள் இருந்தால் தலை கூரையைத் தொடும், உள்ளே பிளாஸ்டிக் கடினம், வேகமாக ஏறும்போது எஞ்சின் ஒரே சுருதியில் கத்தும். அதோடு பிரேக்குக்குப் பம்ப் மூலம் அழுத்தம் கொடுக்கிற அக்சுவேட்டர் இந்த வயதில் பலருக்குச் செலவு வைக்கிறது, அதுதான் அக்குவாவில் நான் உண்மையாகக் கவனமாக இருக்கிற ஒரே இடம்.

அப்புறம் விற்பனை. 2020 மார்ச்சில் இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் திறந்தது, அந்த இடைவெளியில் ஓடிக்கொண்டிருந்த பழைய கார்களே தங்கம் ஆகின. 2022இல் கியூஆர் முறை வந்து காருக்குக் கிழமைக்கு 20 லீட்டர் என்று அளந்து கொடுத்தபோது, 20 லீட்டரில் ஒரு நடை யாழ்ப்பாணம் போகக்கூடிய கார் என்றால் என்ன என்று எல்லாருக்கும் விளங்கியது. இரண்டுக்கும் அந்த மதிப்பு உண்டு. ஆனால் ஃபிட் பார்க்க வருகிறவர் முதல் கேள்வியாகக் கியர்பொக்ஸைத்தான் கேட்கிறார், அந்தக் கேள்வியோடு விலை இறங்கத் தொடங்குகிறது. அக்குவா பார்க்க வருகிறவர் பற்றரியைக் கேட்பார், ஸ்கான் பண்ணிய தாளைக் காட்டினால் கதை முடிந்தது. ஜப்பானில் 2013 முதல் 2015 வரை மூன்று வருடமும், கெய் என்கிற மிகச் சின்ன வகைக் கார்களை விட்டுப் பார்த்தால், அதிகம் விற்றது அக்குவா. சுனாமி தாக்கிய வடகிழக்கு ஜப்பானில், இவத்தே தொழிற்சாலையில் செய்த கார் அது. அவ்வளவு விற்றதால்தான் இன்றைக்கு இங்கே அதற்கு உதிரிச் சாமான் தட்டுப்பாடில்லாமல் கிடைக்கிறது.

குடும்பம் பெரிது, சாமான் ஏற்ற வேண்டும், பெரும்பாலும் நெடுந்தூர ஓட்டம் என்றால் ஃபிட் எடுங்கள், கியர்பொக்ஸ் பார்க்கத் தெரிந்த ஆளைக் கூட்டிக்கொண்டு போய் எடுங்கள். எஞ்சின் சூடான பிறகு பற்றரி இறங்கும்வரை ஓட்டி, ஒரு மேட்டில் நிறுத்தி, பிரேக்கை விட்டு மெதுவாக நகர்த்திப் பாருங்கள், உதறினால் வேறு கார் பாருங்கள். அக்குவா என்றால் ஏலப் பத்திரத்தின் கிலோமீற்றரை ஒப்பிடுங்கள், பற்றரியை ஸ்கான் பண்ணிக் கட்டைகளின் வோல்ற் வித்தியாசத்தைப் பாருங்கள், பிரேக்கை நாலைந்து முறை மிதித்துவிட்டு பம்ப் அடிக்கடி ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். ஓயாமல் ஓடினால் அந்தச் செலவை விலையில் கழித்துக் கேளுங்கள், பெரும்பாலும் இறங்கி வருவார்கள்.