‘தி லாஸ்ட் ஷிப்’: கேப்டன் ஏன் எப்போதும் கரைக்குப் போகிறார்?

2014 ஜூனில் அமெரிக்காவின் டிஎன்டி சேனலில் தொடங்கி 2018 நவம்பரில் முடிந்த தொடர் ‘தி லாஸ்ட் ஷிப்’. ஐந்து சீசன், 56 எபிசோட். வெளிவந்த காலத்திலிருந்தே பார்த்துவருகிறேன். முழுதாகவும், பிடித்த பகுதிகளை மட்டும் எடுத்தும் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். இதன் ரசிகர்கள் பேச ஆரம்பித்தால் பேச்சு இரண்டு இடத்தில்தான் போய் நிற்கும். இது நிஜக் கடற்படை மாதிரி இருக்கிறதா? டாம் சாண்ட்லர் நல்ல கேப்டனா? இரண்டும் ஒரே கேள்விதான் என்பது என் கட்சி. கடைசி எபிசோட் வரை பேசப் போகிறேன், இன்னும் பார்க்காதவர்கள் கவனித்துக்கொள்ளுங்கள்.

டெஸ்ட்ராயர் வகையைச் சேர்ந்த அமெரிக்கப் போர்க்கப்பல் ‘நேதன் ஜேம்ஸ்’ ஆர்க்டிக் கடலில் நான்கு மாதம் ரேடியோ மௌனத்தில் இருக்கிறது. அந்த இடைவெளியில் ஒரு கொள்ளைநோய் உலகத்தில் பெரும்பாலானவர்களைக் கொன்றுவிடுகிறது. தடுப்பு மருந்து தேடும் வைரஸ் நிபுணர் ரேச்சல் ஸ்காட் அதே கப்பலில் இருக்கிறார். இதுதான் கதை.

ரசிகர்களின் சண்டை இங்கேயே தொடங்கிவிடும். ரேடியோ மௌனம் என்றால் கப்பலிலிருந்து எதுவும் வெளியே அனுப்பக்கூடாது, எதிரி இருப்பிடத்தைக் கண்டுபிடித்துவிடுவான். வருவதைக் கேட்பதற்குத் தடை எதுவும் இல்லை. கப்பல்களுக்கான தகவல்களைக் கடற்படை அனுப்பிக்கொண்டேதான் இருக்கும், கப்பல் பதில் சொல்லாமல் வாங்கிக்கொள்ளும். அப்படியிருக்க, உலகமே சாகிற செய்தி நான்கு மாதமாக எட்டவில்லை என்பதற்குத் தொடரில் ஒரு சமாளிப்பு உண்டு. எனக்கு அது போதவில்லை. ஆனாலும் கதை தொடங்க ஒரு பொய் வேண்டும், இந்த ஒன்றை விட்டுவிடலாம் என்பேன்.

ஆயுதங்களைப் பற்றிய விவாதத்தில் எனக்கு அவ்வளவு ஆர்வம் இல்லை. அமெரிக்கக் கடற்படை ஒத்துழைத்த தொடர் இது. ‘யுஎஸ்எஸ் ஹால்சி’ போன்ற நிஜ ஆர்லீ பர்க் வகை (நேதன் ஜேம்ஸும் அந்த வகைதான்) கப்பல்களிலேயே படம்பிடித்திருக்கிறார்கள். கப்பலைச் செலுத்தும் மேடையான பிரிட்ஜில் ஆணையைத் திருப்பிச் சொல்லும் முறை, குறுகலான நடைவழி, இருட்டான போர்க் கட்டுப்பாட்டு அறையில் திரை வெளிச்சத்தில் தெரியும் முகங்கள், எல்லாம் நன்றாகவே இருக்கின்றன. ஏவுகணைகளை எண்ணிக்கொண்டு பார்க்கிறவர்கள் சொல்லும் குறை மட்டும் நியாயமானது. இந்த வகையின் பிந்தைய கப்பல்களில் 96 செங்குத்து ஏவுகுழாய்கள் உண்டு. தீர்ந்துபோனால் துறைமுகத்துக்குப் போய்த்தான் நிரப்ப வேண்டும். நடுக்கடலில் நிரப்பும் புதிய முறையை அமெரிக்கக் கடற்படை ‘யுஎஸ்எஸ் சோசின்’ கப்பலில் சோதித்துக் காட்டியதே 2024 அக்டோபரில்தான். துறைமுகமெல்லாம் பிணக்காடாகிவிட்ட உலகத்தில் நேதன் ஜேம்ஸ் இத்தனை சீசன் எதைச் சுட்டது என்று கேட்டால் பதில் கிடையாது.

என்னைத் திரும்பத் திரும்ப முதல் சீசனுக்கு இழுப்பது வேறு. அதில் கப்பலுக்குப் பசிக்கிறது. நான்கு கேஸ் டர்பைன்கள் எரிபொருளைக் குடித்துக்கொண்டே இருக்கும் கப்பல் அது. அதைத் துரத்தி வருவது கிரோவ் வகை ரஷ்யப் போர்க்கப்பல்: ஏறக்குறைய மூன்று மடங்கு எடை, அணுசக்தியில் ஓடுவது, எரிபொருள் கவலையே இல்லாதது. வசனத்தில் யாரும் இதை விளக்கிக்கொண்டிருப்பதில்லை, ஆனால் கியூபாவிலுள்ள அமெரிக்கத் தளம் குவாண்டனாமோவையொட்டி வரும் துரத்தல் முழுவதிலும் அந்த ஏற்றத்தாழ்வை உணர முடியும். ‘வீ வில் கெட் தேர்’ என்ற நான்காவது எபிசோடில் வெடிச் சத்தம் அதிகம் இல்லை. எஞ்சின் நின்றுவிடுகிறது, குடிநீர் குறைகிறது, ஆய்வக மாதிரிகள் கெட்டுப்போகும் நிலை வருகிறது. தலைமைப் பொறியாளர் ஆண்ட்ரியா கார்னெட்டின் எபிசோட் அது. இதைச் சலிப்பாக இருக்கிறது என்று தாண்டிப் போகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. கடல் வாழ்க்கையில் எஞ்சின் அறைதான் பாதிக் கதை. திரையில் அதற்கு இடம் கொடுக்கிறவர்கள் குறைவு.

சரி, சாண்ட்லருக்கு வருவோம். எரிக் டேன் நன்றாக நடித்திருக்கிறார், அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு தீவு தெரிந்தால் போதும், கேப்டன் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு முதல் படகில் ஏறிவிடுகிறார். நிஜத்தில் இன்னொரு கப்பலில் ஏறிச் சோதனை போடும் குழுவை இளநிலை அதிகாரி ஒருவர்தான் நடத்துவார். கேப்டன் கப்பலைவிட்டு நகர மாட்டார். ஏறக்குறைய முந்நூறு பேருடைய உயிருக்குப் பொறுப்பானவர், அவர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பதிலைத் தொடரே சொல்கிறது: முதல் சீசனிலேயே ரஷ்ய அட்மிரல் ருஸ்கோவிடம் சிக்கிக்கொள்கிறார். அதற்கப்புறமும் திருந்தவில்லை. மூன்றாம் சீசனில் கடற்படைத் தலைமைத் தளபதி பதவியே வந்துவிடுகிறது, அப்போதும் ஆசியாவில் கதவை உடைத்துக்கொண்டு முதல் ஆளாக உள்ளே போகிறார். நாயகன் சண்டை போட வேண்டும் என்ற கணக்கு புரிகிறது. ஆனால் அந்தக் கணக்கினால் கேப்டன் என்ற வேலையே திரையிலிருந்து காணாமல் போகிறது.

அந்த வேலையைச் செய்து காட்டுவது கப்பலின் இரண்டாம் நிலை அதிகாரி மைக் ஸ்லாட்டரிதான். கரையிலிருந்து தகவல் வரவில்லை, காத்திருப்பதா கிளம்புவதா என்று பிரிட்ஜில் நின்று முடிவெடுக்க வேண்டியவர் அவர். ஆடம் பால்ட்வின் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டே அந்தப் பாரத்தைக் காட்டிவிடுகிறார். மூன்றாம் சீசனில் அவரையும் எதிரியிடம் மாட்டவைத்தபோது எரிச்சலாகத்தான் இருந்தது.

ரசிகர்கள் உண்மையிலேயே இரண்டாகப் பிரிவது ரேச்சல் விஷயத்தில். நோயைப் பரப்பிய நீல்ஸ் சோரன்சனை மருந்துக்காகப் பயன்படுத்திக்கொண்டு அவர் வேண்டுமென்றே சாகடிக்கிறார். சாண்ட்லர் ரேச்சலை அறையில் அடைத்துவைக்கிறார். உலகத்தில் நீதிமன்றமே மிச்சமில்லாதபோது இது என்ன சட்டம் என்று ஒரு தரப்பு கேட்கும். நான் சாண்ட்லர் பக்கம். கடற்படை என்பதற்கு அந்த இடத்தில் மிஞ்சியிருப்பதே ஒழுங்கு ஒன்றுதான். ஒருவருக்காக அதைத் தளர்த்தினால் மறுநாள் யாரும் சல்யூட் அடிக்கத் தேவையில்லை. 2020-க்குப் பிறகு பார்க்கும்போது இந்தப் பகுதி இன்னும் கனமாகிறது. முதல் சீசனில் தடுப்பு மருந்துச் சோதனைக்கு மாலுமிகள் தாங்களாக முன்வரும் எபிசோடும் அப்படித்தான். ஒரே ஆள், ஒரே கப்பல், சில மாதத்தில் மருந்து என்பது கதைக்கான வேகம். தன் உடம்பைச் சோதனைக்குக் கொடுப்பவரின் பயம் அப்படியில்லை, நம்பும்படியாக இருக்கிறது.

மாஸ்டர் சீஃப் ஜீட்டர் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம். அதிகாரி அல்லாத மாலுமிகளுக்காக கேப்டனிடம் பேசும் பதவி அது, சார்ல்ஸ் பார்னெல் அதை அளவோடு செய்திருக்கிறார். இந்த வகைக் கப்பலில் பத்தில் ஒன்பது பேர் அதிகாரி அல்லாதவர்கள். தொடரிலோ காதல், துரோகம், குற்றவுணர்ச்சி எல்லாம் பெரும்பாலும் அதிகாரிகளுக்கே வருகின்றன. டேனி கிரீன், காரா ஃபாஸ்டர் என்ற இரு அதிகாரிகளின் காதலுக்குப் போன நேரத்தில் சமையல்கட்டில் ஒரு மாலுமியைப் பேசவிட்டிருக்கலாம்.

பின்னால் வரும் சீசன்களில் தட்டுப்பாடு போய்விடுகிறது. நான்காம் சீசன் பயிர்நோய், பஞ்சம் என்று தொடங்கினாலும் கப்பலுக்குள் அந்தப் பசி இல்லை. ஐந்தாம் சீசனின் தொடக்கத்தில் கடற்படைக் கப்பல்களை ஒரு சைபர் தாக்குதல் முடக்கிப்போடுவது நல்ல யோசனை. முடிவில் சாண்ட்லர் எல்லோரையும் இறக்கிவிட்டு, நேதன் ஜேம்ஸைத் தனியாக ஓட்டிக்கொண்டு போய் எதிரியின் போர்க்கப்பலில் மோதுகிறார். அபத்தம் என்று பாதிப் பேர் சிரித்தார்கள். எனக்குப் பிடித்திருந்தது, கடைசிக் கடைசியாகவாவது மனுஷன் கப்பலைவிட்டு இறங்காமல் நின்றாரே என்று.

புதிதாகப் பார்க்கிறவர்கள் முதல் இரண்டு சீசனை வரிசையாகப் பாருங்கள். மூன்றாவதைச் சண்டைக் காட்சிகளுக்காகப் பார்க்கலாம். நான்காவது சாண்ட்லரை விட முடியாதவர்களுக்கு மட்டும். ஐந்தாவதின் முதல் எபிசோடுக்கும் கடைசி எபிசோடுக்கும் நேரம் ஒதுக்கினால் போதும், நடுவில் இருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டாலும் நஷ்டமில்லை.