ஜெர்சி எடுக்கும்போது நம்ப வேண்டியது இஞ்ச் டேப்பைத்தான்

குளச்சல் பக்கம் எங்கள் ஊர் கால்பந்து அணிக்கு ஜெர்சி எடுப்பது பல வருடமாக என் பொறுப்பு. இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்து வரை ஆடிய மைக்கேல் சூசைராஜ் எங்கள் மாவட்டத்துக்காரர்தான். தூத்தூர் தொடங்கி முட்டம் வரை எந்தக் கடற்கரை ஊருக்குப் போனாலும் சாயங்காலம் பந்து உருளும். அதனால் பெரியவர்களுக்கு எடுக்கும்போதே பிள்ளைகளுக்கும் சேர்த்து எடுத்தாக வேண்டும்.

எம், எல் என்ற எழுத்தை மட்டும் பார்த்து ஆர்டர் போடாதீர்கள். ஒரு கம்பெனியின் எல், இன்னொரு கம்பெனியின் எம் அளவுதான் இருக்கும். உங்களுக்குச் சரியாக இருக்கும் பழைய ஜெர்சியைத் தரையில் விரித்து, ஒரு அக்குள் தையலிலிருந்து மறு அக்குள் தையல் வரை அளந்து பாருங்கள். 20 இஞ்ச் இருந்தால் சுற்றளவு 40. கம்பெனியின் சைஸ் அட்டவணையில் இருப்பது உடம்பின் அளவா, துணியின் அளவா என்று கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். மார்பு 38 உள்ளவர் ஓடி ஆட, துணி 41, 42 வரை இருப்பது நல்லது. 'பிளேயர் வெர்ஷன்' உடம்போடு ஒட்டி நிற்கும். கொஞ்சம் வயிறு உள்ளவர்கள் ஒரு சைஸ் கூட்டலாம், அல்லது கொஞ்சம் தளர்வாக இருக்கும் 'ஃபேன் வெர்ஷன்' எடுக்கலாம்.

பாலியஸ்டர் ஜெர்சி பருத்தி பனியன் மாதிரி சுருங்காது. துவைத்தால் சரியாகிவிடும் என்று பெரிதாக எடுத்தால், கிழியும் வரை அது பெரிதாகவேதான் இருக்கும்.

பிள்ளைகள் விஷயம்தான் கஷ்டம். "அண்ணே, லூசா எடுங்க, அடுத்த வருஷமும் போடலாம்லா" என்று அம்மாமார் கேட்பார்கள். அந்த ஆசை நியாயமானதுதான், ஆனால் ஒரு சைஸுக்கு மேல் கூட்ட நான் சம்மதிப்பதில்லை. கை முழங்கைக்குக் கீழே இறங்கி, கழுத்து ஒரு பக்கம் சரிந்தால் பிள்ளை பந்தைப் பார்க்காமல் சட்டையை இழுத்துக்கொண்டே நிற்கும். வயதைச் சொல்லி வாங்குவதும் சரிவராது. ஒரே வகுப்புப் பிள்ளைகளே ஆளுக்கொரு உயரம். உயரத்தையும் மார்பையும் அளந்து சொல்லுங்கள். பதின்மூன்று, பதினான்கு வயதில் ஒல்லியாக நெடுநெடுவென்று வளர்ந்த பையன்களுக்குப் பிள்ளைகள் சைஸில் இறக்கம் பற்றாது. பெரியவர்களின் எஸ் எடுங்கள்.

பெயரும் நம்பரும் போட்டுவிட்டால் பெரும்பாலும் மாற்றித் தர மாட்டார்கள். அதனால் முதலில் சாம்பிள் செட் வரவழைத்து, மைதானத்தில் ஒவ்வொருவரையும் போட்டுப் பார்க்கச் சொல்கிறேன். கையைத் தூக்கும்போது இடுப்பு தெரியக் கூடாது. தொப்புள் தெரிந்தால் அடுத்த சைஸ்தான்.

ஒருமுறை ஒரு கடையில் ஒட்டிய ஸ்டிக்கர் நம்பர் அந்த சீசன் முடியுமுன்பே உரிந்துவிட்டது. துணியிலேயே சாயம் ஏற்றும் சப்ளிமேஷன் பிரிண்ட் உரிவதில்லை, பழைய செட்டில் நம்பர் இன்றும் தெளிவாக இருக்கிறது. கடற்கரை மணலில் ஆடிவிட்டு வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அலசி, உள்பக்கம் வெளியே வர நிழலில் காயப்போடுங்கள். அயர்ன் பாக்ஸ் வேண்டாம்.

அப்புறம் கோல்கீப்பர். முழங்கையில் அடிபடாமல் இருக்க பேட் கட்டுபவர் என்றால் பேட் போட்டபடியே அளவு பாருங்கள்.