60 லீற்றர் நீலப் பீப்பா: ஐந்து கோடைகளுக்குப் பிறகு

கனூவில் (துடுப்புப் போடும் ஒடுங்கிய சிறு படகு) போய்க் காட்டில் கூடாரமடிக்கும்போது உணவு கொண்டுபோக இந்தப் பீப்பாவை வாங்கிய அன்று, 30 லீற்றரே போதும் என்று கடைக்காரர் சொன்னார். நான் கேட்கவில்லை. இரண்டு பேர், நான்கு இரவு, சோறு இல்லாமல் மச்சான் இருக்கமாட்டான் என்று 60 லீற்றரை வாங்கிக்கொண்டு வந்தேன்.

நாங்கள் போவது கனடாவில், ஒன்ராறியோவின் அல்கோன்குவின் பூங்காவுக்கு. 1893இல் அமைத்தது, 7,600 சதுர கிலோமீற்றருக்கு மேல் காடும் ஏரியும். ஐந்து மாதம் முன்னதாகவே முன்பதிவு திறந்துவிடும், வார இறுதி வேண்டுமென்றால் அன்றைக்கே செய்துவிடுங்கள். மே, ஜூனில் கறுப்பு ஈ பிடுங்கி எடுக்கும் என்பதால் நாங்கள் ஓகஸ்ட் கடைசியில்தான் போகிறோம். ஸ்மோக் ஏரியில் கனூவை இறக்கி, தெற்கே துடுப்புப் போட்டு, கனூவையும் சாமான்களையும் 240 மீற்றர் தரையில் சுமந்து நடந்தால் ராகட் ஏரி.

பீப்பாவைப் பற்றி நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு துளி தண்ணீர்கூட உள்ளே போனதில்லை. இரண்டாம் வருடம் ஸ்மோக் ஏரியில் எதிர்க்காற்றில் கனூ கவிழ்ந்தபோது படுக்கைப் பை எல்லாம் தெப்பமாக நனைந்தது. பீப்பா மட்டும் பக்கத்தில் மிதந்துகொண்டிருந்தது, உள்ளே மிளகாய்த்தூள்கூட உலர்ந்தபடி. (அதன் பிறகு அந்த ஏரியைக் காலை எட்டு மணிக்கு முன் கடந்துவிடுகிறோம்.) மூடியை இறுக்கும் இரும்பு வளையத்தில் கொஞ்சம் துரு, அவ்வளவுதான்.

குறை இரண்டு. ஒன்று வாசம். உட்காட்டில் தகர டப்பாவுக்கும் கண்ணாடிப் போத்தலுக்கும் தடை, அதனால் ரின் மீன் கொண்டுபோக முடியாது. அதற்குப் பதிலாகக் கருவாட்டுச் சம்பல் போட்டோம். அந்த வாசம் மூடியின் ரப்பருக்குள் ஏறியது ஏறியதுதான்; அப்பச்சோடா, எலுமிச்சை, இரண்டு நாள் வெயில், எதற்கும் அசையவில்லை. இந்தப் பீப்பாவைக் கரடி உடைக்காது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, வாசத்தைக் குறைக்கும், அவ்வளவே. இரவில் இதையும் நிலத்திலிருந்து 4 மீற்றர் உயரத்தில், மரத்தடியிலிருந்து 2 மீற்றர் தள்ளித் தொங்கவிட வேண்டும்.

அங்கேதான் இரண்டாவது குறை. இடம் இருந்தால் நிரப்பத்தான் தோன்றும். அரிசி, புட்டு மா, பருப்பு, ஒரு முழுத் தேங்காய்! வீட்டுத் தராசில் 24 கிலோ. நாங்கள் வாடகைக்கு எடுக்கும், கெவ்லார் என்ற எடை குறைந்த இழையில் செய்த கனூவே ஏறத்தாழ 20 கிலோதான். முதல் இரவு இரண்டு பேரும் கயிற்றில் தொங்கியும் பீப்பா இடுப்பு உயரம் தாண்டவில்லை. மூன்றாம் வருடம் ராகட்டிலிருந்து பிக் போர்க்குபைன் ஏரிக்கு ஏறினோம். 590 மீற்றர்தான், ஆனால் செங்குத்து; ‘சாத்தானின் படிக்கட்டு’ என்று பட்டப்பெயர். தோள்பட்டியில் பீப்பா பின்னுக்கு இழுக்க, பாதி வழியில் உட்கார்ந்து தேங்காயை உடைத்துத் தின்றோம்.

போன வருடம் 30 லீற்றர் வாங்கினேன். அரிசிக்குப் பதில் வறுத்த ரவை, வீட்டிலேயே உலர்த்திய பருப்புக்கறி. நான்கு இரவுக்குப் போதுமாக இருந்தது. மச்சான் முணுமுணுத்தான், ஆனால் படிக்கட்டில் ஒரு இடத்திலும் உட்காரவில்லை.

பெரியதை விற்கலாம் என்று பார்த்தால் வாசத்தை முகர்ந்துவிட்டு ஒருவரும் திரும்பி வருவதில்லை. நிலக்கீழ் அறையில் கூடாரக் கம்பிகளைப் போட்டு வைத்திருக்கிறேன்.