கூரையில் கூடாரம் வைத்த ஹைலக்ஸ்: மூன்று நாட்டுச் சஃபாரிக்கு இருவருக்குத் தாங்குமா?

நமீபியத் தலைநகர் விண்ட்ஹூக்கில் சஃபாரிக்கு வாடகை வண்டி கேட்டால் முதலில் காட்டுவது டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப், அதாவது நான்கு கதவு பிக்கப் வண்டிதான். பின்னால் பூட்டு போட்ட கூண்டு, கூரையில் இருவர் படுக்கும் கூடாரம், 40 லிட்டர் ஃபிரிட்ஜ், 3 கிலோ கேஸ் சிலிண்டர், மடக்கு மேசை, நாற்காலிகள், சமையல் பாத்திரம் எல்லாம் வாடகையிலேயே அடக்கம். ஈட்டோஷா, ருண்டு, திவுண்டு வழியாக மொஹெம்போ எல்லையில் போட்ஸ்வானாவுக்குள் நுழைந்து, மாவுன் ஊர், மொரேமி, சவூட்டி வனவிலங்குப் பகுதிகள், கசானே ஊர் கடந்து ஜாம்பியாவின் லிவிங்ஸ்டன் போய்த் திரும்ப மூன்று வாரம் ஆகும். கணவன் மனைவி இருவருக்கு இந்த வண்டி தாராளமாகப் போதும். ஹைலக்ஸ் அநேகமாக எங்கும் கைவிடாது. கைவிடுவதெல்லாம் வாடகைக் கம்பெனி அதன்மேல் மாட்டிக் கொடுத்த சாமான்கள்தான். அதனால் வண்டியை எடுக்கும் அன்று இரண்டு மணி நேரத்தை முழுதாக ஒதுக்கிவிடுங்கள்.

முதலில் டயர். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கும்; 1719 என்றால் 2019-ஆம் ஆண்டின் 17-வது வாரத்தில் செய்தது. ஆறு வருடம் தாண்டிய டயரைத் தயங்காமல் மாற்றித் தரச் சொல்லுங்கள். ஸ்டெப்னி இரண்டு வேண்டும், இரண்டும் மற்ற நான்கின் அளவிலேயே இருக்க வேண்டும். ஸ்பானரைப் போட்டு ஒரு நட்டையாவது கழற்றிப் பாருங்கள். மெஷினில் முறுக்கிய நட்டு காட்டுக்குள் கையால் அசையாது. ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு பலகை கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் மணலில் ஜாக்கி இறங்குமே தவிர வண்டி ஏறாது. காற்றடிக்கும் கம்ப்ரஸரை ஒரு டயரில் பத்து நிமிடம் ஓடவிட்டுப் பாருங்கள். இந்தப் பயணத்தில் தினமும் கைக்கு வரும் கருவி அதுதான்.

டயரின் காற்றழுத்தம் தார்ச் சாலையில் 2.2 முதல் 2.4 பார், சரளைச் சாலையில் 1.8, ஆழ மணலில் 1.2. இந்தக் கணக்கை விட்டுவிட்டு ஃபோர் வீலை மட்டும் நம்பினால் சவூட்டிக்கும் கசானேக்கும் நடுவே புதைவது நிச்சயம். மணல் காலையில் இறுகியிருக்கும், வெயில் ஏறியதும் இளகும். கடினமான பகுதியைப் பத்து மணிக்குள் கடந்துவிடுவது நல்லது. புதைந்துவிட்டால் ஆக்சிலேட்டரை மிதிக்காதீர்கள். சக்கரத்தைச் சுற்றியுள்ள மணலை வாரி, காற்றை 1.0 வரை இறக்கி, வந்த தடத்திலேயே ரிவர்ஸ் எடுங்கள். சரளையில் 80 கிலோமீட்டருக்கு மேல் வேண்டாம். அலை அலையாக வரி விழுந்த பாதையில் டயர் தரையைத் தொடும் நேரமே குறைவு. கூரையில் கூடாரத்தின் பாரம் வேறு. வளைவில் பிரேக் அடித்தால் வண்டி உருண்டுவிடும். நம் ஊர் போலவே இடப்பக்க ஓட்டம் என்பது ஒரு வசதி.

கூடாரம் நல்லதுதான், பழக வேண்டும். வார்களைத் தளர்த்தி, உறையின் ஜிப்பைத் திறந்து, ஏணியை நீட்டி நெம்பினால் பாதி கூடாரம் தானாக விரியும். விரிக்கப் பத்து நிமிடம், மடிக்கப் பதினைந்து. மடிக்கும்போது ஆளுக்கு ஒரு பக்கம் நின்று துணியின் ஓரங்களை உள்ளே தள்ள வேண்டும்; பிதுங்கிய துணியோடு ஜிப்பை இழுத்தால் பல் போய்விடும், அடுத்த நூறு கிலோமீட்டர் புழுதி மெத்தைக்குள் இறங்கும். மெழுகுவர்த்தித் துண்டு ஒன்றை வைத்து ஜிப்பைத் தேய்த்துவிட்டால் போதும். இதன் பெரிய குறை, விடியலில் விலங்கு பார்க்கக் கிளம்பும் ஒவ்வொரு நாளும் வீட்டையே மடித்தாக வேண்டும் என்பது. மொரேமி, சவூட்டி முகாம்களுக்கு வேலி கிடையாது. யானையும் கழுதைப்புலியும் கூடாரத்துக்குக் கீழேயே நடக்கும். இரவில் இறங்கக் கூடாது, ஆகவே சிறுநீர் கழிக்க வாய் அகன்ற மூடி பாட்டில் ஒன்று மேலேயே இருக்கட்டும். செருப்பையும் வெளியே விடாதீர்கள், கழுதைப்புலி கவ்விக்கொண்டு போய்விடும்.

ஃபிரிட்ஜுக்கு இரண்டாவது பேட்டரி இருக்கிறதா என்று கேட்டால் மட்டும் போதாது. எஞ்சினை அணைத்து, மீட்டரில் வோல்டேஜைப் பாருங்கள். 12 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் அந்தப் பேட்டரி ஒரு ராத்திரி தாங்காது. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் பிளக் குலுக்கலில் கழன்றுவிடும், கறி கெட்ட பிறகுதான் தெரியவரும். திருகிப் பூட்டும் பிளக் கொண்ட வண்டியைக் கேளுங்கள். கறி விஷயத்தில் இன்னொன்று: பச்சை இறைச்சியோடு போட்ஸ்வானா எல்லைக்குப் போனால் பறிமுதல் செய்வார்கள். திரும்பும் வழியில் ருண்டுவுக்குத் தெற்கே முருரானி சோதனைச் சாவடியிலும் அப்படித்தான். கோமாரி நோய்த் தடுப்புக்கான விதி அது.

மாவுனிலிருந்து கசானே வரை நம்பிப் போக பங்க் இல்லை. தூரம் சுமார் 400 கிலோமீட்டர்தான் என்றாலும் காலை, மாலைச் சுற்றல்களைச் சேர்த்தால் 600 ஆகிவிடும். மணலில் 100 கிலோமீட்டருக்கு 18 லிட்டர் வைத்தால் 108 லிட்டர். டாங்க் 80தான் பிடிக்கும். 20 லிட்டர் கேன் இரண்டு கட்டாயம்.

பலரும் கவனிக்காத ஆபத்து காய்ந்த புல். மழைக்காலம் முடிந்ததும் தடத்தின் நடுமேட்டில் முழங்கால் உயரத்துக்குப் புல் நிற்கும். அது அறுபட்டு கியர்பாக்ஸுக்கு மேலும் சைலன்ஸர் குழாயைச் சுற்றியும் வைக்கோல் போல அடைந்து, சூட்டில் பற்றிக்கொள்ளும். இப்படி முழு வண்டியே சாம்பலாவது உண்டு. அரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி, சுற்றிலும் விலங்கு இல்லை என்று பார்த்துக்கொண்டு, குனிந்து கம்பியால் இழுத்து எடுத்துவிடுங்கள். தீயணைப்பானை சீட்டுக்குப் பக்கத்தில் வையுங்கள். கூண்டுக்குள் சாமானுக்கு அடியில் கிடந்தால் பயனில்லை. ரேடியேட்டர் முன்னால், புல் விதை அடைக்காமல் தடுக்கும் வலை கட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

முழு இன்ஷூரன்ஸ் எடுத்தாலும் பெரும்பாலான ஒப்பந்தங்களில் தண்ணீர் புகுந்த சேதமும் கிளட்ச் எரிந்ததும் சேராது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மொரேமி அடங்கிய ஒகவாங்கோ ஆற்று டெல்டாவில் வெள்ளம் ஏறும் காலம். மொரேமியின் ஓடைகளை அன்று காலை கடந்து வந்தவரிடம் கேட்காமல் இறங்காதீர்கள். முதலை இருப்பதால் நடந்து ஆழம் பார்க்கவும் வழியில்லை.

போட்ஸ்வானாவையும் ஜாம்பியாவையும் இணைத்து 2021 மே மாதம் திறந்த 923 மீட்டர் காசுங்குலா பாலம் பழைய படகுக் காத்திருப்பை ஒழித்துவிட்டது. இரு நாட்டு முத்திரையும் ஒரே கட்டிடத்தில். அங்கே வாடகைக் கம்பெனியின் அனுமதிக் கடிதமும் வண்டிப் பதிவின் சான்றிட்ட நகலும் கேட்பார்கள். கடிதத்தில் மூன்று நாட்டுப் பெயரும், எஞ்சின் எண்ணும், சேஸிஸ் எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்களை விண்ட்ஹூக்கிலேயே பானெட்டைத் திறந்து சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஓர் இலக்கம் மாறியிருந்தாலும் ஜாம்பியப் பக்கத்தில் வண்டியின் தற்காலிக இறக்குமதிச் சீட்டு கிடைக்காது.