ஏரிக்கரை வீடு: திரும்பிப் போவதா, வாடகைக்கே விடுவதா?

வேளச்சேரி ஏரிப் பக்கம் அப்பா கட்டிய தனி வீடு காலியாகிறது. நாங்களே குடிபோகலாமா என்று ஒரு மாதமாக யோசனை.

செலவு
போனால்: இப்போது நாங்கள் கட்டும் வாடகை மிச்சம். பெயின்ட், பிளம்பிங் வேலை முதலிலேயே வரும்.
விட்டால்: வாடகையில் சொத்துவரி போக 30 சதவீதம் கழிவு, மீதிக்கு வருமான வரி.

மழை
இதுதான் பெரிய கேள்வி. 2015 டிசம்பரிலும், 2023 மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி மூழ்கியது. சாலையை மேலே மேலே போட்டதில் எங்கள் வாசல் தெருவைவிடத் தாழ்ந்துவிட்டது.
போனால்: மீட்டர் போர்டு, இன்வெர்ட்டர், மோட்டார் ஸ்விட்ச் எல்லாம் உயர வேண்டும், சம்ப் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும்.
விட்டால்: அதே வேலைதான். குடியிருப்பவரும் மனிதர்தானே!

தண்ணீர்
2019 வறட்சியிலும் எங்கள் கிணறு வற்றவில்லை. ஃப்ளாட்டில் லாரிக்குக் காத்திருந்தோம்.

மாடி இருந்து, மழைக்காலத்தில் வீட்டில் ஆள் இருக்குமானால் திரும்பிப் போகலாம். கீழ்த்தளம் மட்டும், படியேற முடியாத பெரியவர்கள் என்றால் வேண்டாம். தரையை உயர்த்திய பிறகு வாடகைக்கு விடுங்கள். எங்களுக்கு மாடி இருக்கிறது. தை பிறந்ததும் பால் காய்ச்சுகிறோம்.